கொழும்பில் கோப்பி போடும் டிக்கோயாப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும், இன்னும் சிலர் டுபாயிலும் தோஹாவிலும், கோப்பிக் கடை மெஷினுக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க ஊராருக்குக் கோப்பி போட்டுக் கொடுக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இந்த மடல். பெயர் சொல்லி எழுதினால் ஒருவர் விடுபட்டுப்போவார், அப்புறம் அவர் வீட்டில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது. நான் தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலைக்காரனுக்குக் கோப்பியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

சில வருஷமாக ஒரு பழக்கத்தைப் பார்த்துவருகிறேன். தீபாவளிக்கு நீங்கள் வரும்போது பிஸ்கட் டின்னோடு ஒரு எஸ்பிரெசோ மெஷின் பெட்டியும் வருகிறது. பெட்டியில் '15 பார்' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். லயத்துக் காம்பராவில் டீவிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்குவார்கள். பக்கத்துக் காம்பராக்காரரெல்லாம் வந்து ஆளுக்கொரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். நீங்கள் திரும்பிப் போக பஸ் ஏறியதும் அம்மா அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுவார். அடுத்த தீபாவளிவரை துவாய்தான். அம்மாவுக்கு மெஷினைப் பாவிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவருக்கு நன்றாகத் தெரியும். அதிலிருந்து வருவது நல்ல கோப்பி இல்லை என்பதும் தெரியும். கசப்பும் சுடுதண்ணியுமாக ஒன்று வருகிறது. அதைவிட அடுப்பில் கிடக்கிற சாயத்தண்ணி மேல் என்று அவர் முடிவு செய்தால் அதில் பிழை சொல்ல முடியாது.

பிழை காசைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. இருக்கிற காசு முழுவதையும் மெஷினில் கொட்டுகிறீர்கள். தூளை ஹட்டன் டவுன் கடையில் பக்கெட்டாக வாங்குகிறீர்கள். நீங்கள் வேலை செய்கிற கடையில் எப்படி? அங்கே மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற கிரைண்டரின் விலை என்ன என்று உங்கள் மனேஜரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக எதைத் திருகித் திருகிச் சரிபார்க்கிறீர்கள்? அரைவையைத்தானே. கடையில் தினமும் செய்கிற காரியத்தை வீட்டுக்கு வரும்போது மறந்துவிடுகிறீர்கள்.

அரைவையைப்பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல உரிமை இருக்கிறது. தேயிலையில் பீ.ஓ.பி., பீ.ஓ.பி.எப்., டஸ்ட் என்று சல்லடை போட்டுப் பிரிப்பதெல்லாம் எதற்கு? இலைத்துணுக்கு சிறுத்துப்போனால் சாயம் சீக்கிரம் இறங்கும், பெருத்தால் ஆறுதலாக இறங்கும். டஸ்ட்டையும் பெரிய இலையையும் கலந்து ஒரே கேத்தலில் போட்டால் ஒன்று கசந்து முடிந்திருக்கும், மற்றது விழித்தே இருக்காது. அதனால்தான் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் 100 மில்லிலீட்டர் தண்ணிக்கு 2 கிராம் தூள், 6 நிமிஷம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எஸ்பிரெசோவில் அந்த 6 நிமிஷம் 25, 30 செக்கனாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்பது பார் அழுத்தத்தில், 90க்கும் 96க்கும் இடைப்பட்ட பாகைச் சூட்டில், தண்ணி தூளைத் துளைத்துக்கொண்டு போகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் தூளின் பருமனில் வருகிற ஒரு சின்ன வித்தியாசமும் கோப்பையில் பெரிதாகத் தெரியும். பக்கெட் தூளை யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு பொதுக்கணக்கில் அரைத்திருக்கிறார். உங்கள் மெஷினுக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம்.

மிக்ஸியில் அரைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். மிக்ஸியின் தகடு கொட்டையை வெட்டித் தள்ளுகிறது. பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் கிடக்கும். தண்ணி நொய் இருக்கும் பக்கம் வழி கண்டுபிடித்து ஓடிவிடும், மாவு இருக்கும் பக்கம் சேறாகி அடைத்துக்கொள்ளும். புளிப்பும் கசப்பும் ஒரே வாயில் வருவது அதனால்தான். இரண்டு உருக்குப் பற்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி ஒரே அளவில் தள்ளுகிற கிரைண்டர்தான் வேண்டும். கையால் சுற்றுகிற வகை போதும். மின்சாரமும் தேவையில்லை, அதே காசுக்குக் கிடைக்கிற மின்சாரக் கிரைண்டரைவிடப் பல நேரம் பற்களும் நன்றாக இருக்கும். ஒரு கோப்பைக்கு அரைக்கக் கை வலிக்கும்தான். மலையில் ஏறி இறங்கிய கைகளுக்கு அது ஒரு வலியா?

கிரைண்டருக்கு அடுத்தது தராசு. நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டுகிற சின்னத் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது. தூள் 18 கிராம், கோப்பையில் இறங்குவது 36 கிராம், நேரம் 25 முதல் 30 செக்கன். இங்கிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் யாருக்கும் இதை நீங்கள் சொல்லிக் கொடுப்பதில்லை. 'கொஞ்சம் போடுங்கம்மா, அமத்துங்க, பட்டனத் தட்டுங்க' என்று காட்டிவிட்டுப் போகிறீர்கள். 15 செக்கனில் தண்ணிபோல ஓடி எலுமிச்சைப் புளிப்பாக இருந்தால் இன்னும் பொடியாக அரைக்க வேண்டும். 45 செக்கனுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பாகற்காய்க் கசப்பாக இருந்தால் கொஞ்சம் கரடாக அரைக்க வேண்டும். தூளின் நிறையை அப்படியே வைத்துக்கொண்டு அரைவையை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. இதை ஒரு தாளில் தமிழில் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

அம்மாவால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் வீட்டுப் பெண்கள் தேத்தண்ணியின் நிறத்தைப் பார்த்தே தூள் எந்த மாதத்துக் கொழுந்து என்று சண்டை போடுகிறவர்கள். ஜனவரி, பெப்ரவரிப் பனிக்காற்றுக் காலத்துத் தேயிலைக்கும் தென்மேல் பருவ மழைக் காலத்துத் தேயிலைக்கும் வாசனை வேறு என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, சப்பென்று இருப்பது என்று நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த நாக்கு, எஸ்பிரெசோ படிப்பில் பாதி வகுப்பை ஏற்கெனவே தாண்டிவிட்டது. கொழும்பில் பயிற்சிக்கு வருகிற எத்தனையோ பேருக்குப் புளிப்பு எது கசப்பு எது என்று பிரிக்கவே நாள் எடுக்கும்.

இந்த 15 பார் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது பம்பு தள்ளக்கூடிய உச்சம், தூளில் விழ வேண்டியது 9. வீட்டு மெஷினோடு வருகிற கூடை பெரும்பாலும் இரட்டைச் சுவர் கூடை. அடியில் ஒரே ஒரு ஊசித்துவாரம் இருக்கும். தூள் எவ்வளவு பழசானாலும், எவ்வளவு கரடானாலும் அந்தத் துவாரத்தின் வழியே பீய்ச்சி மேலே ஒரு நுரையை எழுப்பிக் காட்டிவிடும். நுரையைப் பார்த்து ஏமாறுகிறோம். நல்ல அரைவை கையில் இருந்தால் ஒற்றைச் சுவர் கூடை வாங்கிப் போடுங்கள், அப்போதுதான் நீங்கள் செய்கிற தப்பும் சரியும் கண்ணுக்குத் தெரியும்.

இந்த நுரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை வாங்கிய மெஷின் நீராவி அழுத்தத்தில் ஓடியது. அதில் கோப்பி வேகமாக வந்தது, இன்றைக்கு நாம் பார்க்கிற பொன்னிற நுரை வரவில்லை. அக்கீலே காஜியா 1938இல் காப்புரிமை எடுத்து, போர் முடிந்த பிறகு நெம்புகோல் வைத்த மெஷினை விற்கத் தொடங்கியபோதுதான் அந்த அழுத்தமும் நுரையும் வந்தன. கையால் நெம்பை இழுத்து, சுருள்வில்லை இறுக்கி, அது விரியும் விசையில் தண்ணியைத் தூளுக்குள் செலுத்துவது அவர் முறை. மின்சாரப் பம்பு வைத்த ஃபேமா ஈ61 வந்தது 1961இல். அந்த வருஷத்துச் சூரிய கிரகணத்தின் பெயரில் ஒரு கோப்பி மெஷின்! இத்தாலிக்காரர்களுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்கும் பழக்கம் இல்லைபோல.

நெம்புகோலைச் சும்மா சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதைவிட, லயத்து வயரிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் இழுக்கிற மெஷினை ஒரே பிளக்கில் டீவியோடும் சோற்றுக் குக்கரோடும் சேர்த்து மாட்டினால் யாருடைய காம்பராவில் ஃபியூஸ் போகும் என்று சொல்ல முடியாது. கையால் அழுத்துகிற சின்ன எஸ்பிரெசோ கருவிகள் இப்போது விற்கிறார்கள். சுடுதண்ணியை ஊற்றி, கையின் பலத்தால் ஆறு முதல் ஒன்பது பார்வரை அழுத்தம் கொடுக்கலாம். பால் நுரைக்க நீராவி வராது என்பது அதன் குறை. அந்தக் குறைக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதற்கும் காசு இல்லாவிட்டால் மோக்கா பானை. அல்ஃபோன்ஸோ பியலெத்தி 1933இல் கொண்டுவந்த எட்டுப்பட்டை அலுமினியப் பானைதான். அதில் அழுத்தம் ஒன்றிரண்டு பாரைத் தாண்டாது, ஆகவே அது எஸ்பிரெசோ இல்லை. ஆனாலும் நல்ல தூள் போட்டால் கெட்டியான கோப்பி தரும். அடிப்பானையில் வால்வுக்குக் கீழே நிற்கும்படி சூடான தண்ணியை ஊற்றுங்கள். தூளை நிரப்புங்கள், அமுக்காதீர்கள். கேஸ் அடுப்பில் மெல்லிய நெருப்பு போதும். கொர்கொர் என்று சத்தம் கேட்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். சத்தம் ஓயும்வரை வைத்திருக்கிறவர்களால்தான் மோக்கா பானைக்குக் கெட்ட பெயர்.

இனி நம்ம ஊருக்கே உரிய ஒரு விஷயம். டிக்கோயா ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணி 100 பாகைக்குப் போகாது, 96க்குக் கிட்டவே கொதித்துவிடும். கொழும்பில் கேத்தல் கொதித்ததும் மூடியைத் திறந்து ஆறவிடுகிறீர்களே, இங்கே அந்த வேலை இல்லை. கைக்கருவியில் கொதித்த தண்ணியை நேரே ஊற்றலாம், கருவியின் உலோகம் இரண்டு மூன்று பாகையைக் குடித்துக்கொள்ளும், சரியான சூட்டில் தூளைச் சேரும். சிவப்பாக வறுத்த கொட்டைக்கு இது மிகப் பொருத்தம். கருக வறுத்த கொட்டையானால் அரை நிமிஷம் பொறுங்கள்.

தண்ணியின் தரத்திலும் நாம் கொடுத்துவைத்தவர்கள். மலையிலிருந்து பைப்பில் வருகிற தண்ணி மென்மையானது, மெஷினுக்குள் சுண்ணாம்பு படியாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணியில் அதே மெஷினை ஓட்டினால் சுண்ணாம்பை எடுக்க அடிக்கடி மருந்து ஊற்ற வேண்டியிருக்கும். மென்தண்ணிக்கு ஒரு வில்லங்கமும் உண்டு: உப்புச்சத்து மிகக் குறைந்த தண்ணி கோப்பியின் ருசியை முழுக்க இழுக்காது, புளிப்பைத் தூக்கிக் காட்டும். அதனால் கொழும்பில் சரியாக இருந்த அரைவை இங்கே வந்ததும் புளித்தால் மெஷினைத் திட்டாதீர்கள். ஒரு சுற்றுப் பொடியாக்கிப் பாருங்கள்.

இதுவரை சொன்னது கருவிக்கதை. நான் பேனா எடுத்ததற்குக் கொட்டையும் ஒரு காரணம்.

உங்கள் லயத்துக்குப் பின்னால், வாழைக்கும் கக்கூஸுக்கும் நடுவில், இரண்டு கோப்பிச் செடியாவது நிற்கும். நட்டவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தடிமன் வந்தால் பாட்டி அதன் பழத்தைக் காயவைத்து, உரலில் இடித்து, மல்லியும் சுக்கும் சேர்த்துக் கருக வறுத்து ஒரு கோப்பி வைப்பார். அந்தக் கோப்பிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாவு வீட்டில் விடிய விடிய முழித்திருக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அந்தத் தூளை எஸ்பிரெசோ கூடையில் போடாதீர்கள். அது வேறு வேலைக்கு வந்தது.

இந்தச் செடி ஏன் இங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்று தேயிலை பச்சையாக விரிந்து கிடக்கிற டிக்கோயா மலைகளில் காடு வெட்டியது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. நம் முப்பாட்டன்மார் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்ததும் கோப்பிப் பழம் பறிக்கத்தான். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பறிப்புக் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள், அடுத்த பறிப்புக்கு மறுபடி நடந்தார்கள். வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டிய தேயிலை வந்த பிறகுதான் நாம் லயத்திலேயே தங்கிப்போனோம். 1870களின் கடைசியில் இந்த நாட்டில் ஏறத்தாழ 275,000 ஏக்கர் கோப்பி இருந்தது. ஆனால் 1869இலேயே இலையின் அடியில் ஆரஞ்சு நிற மாவுபோல ஒரு பூஞ்சணம் கண்டுவிட்டார்கள். பெர்க்லி என்ற இங்கிலாந்துப் பாதிரியார் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880இல் வந்து இரண்டு வருஷம் ஆராய்ந்தார். காற்றில் பறக்கிற வித்துகளால் அது பரவுகிறது என்று சரியாகவே சொன்னார். மலை மலையாக ஒரே பயிரை நட்டு வைத்தால் நோய்க்குத் தடையே இருக்காது என்றும் எச்சரித்தார். தோட்ட முதலாளிகளுக்கு அவரிடமிருந்து வேண்டியது மருந்து. அது கிடைக்காத கோபம் அவர்களுக்கு. ரயிலையும் கோப்பிக்காகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1884இல் அது ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு இருந்தது தேயிலை. பட்டுப்போன கோப்பி மரத்தின் தண்டுகளைப் பட்டை உரித்து, தேத்தண்ணி மேசைக்குக் காலாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

படம் பிடிப்பதில் உலகப் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரும் இந்தப் பக்கத்தில்தான் காலமானார், 1879இல். புருஷனுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள். பொகவந்தலாவ தேவாலயத்தில் அவர் கல்லறையைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் இன்றும் வருகிறார்கள். மாத்தளைப் பாதையில் விழுந்த நம்மவர்களுக்குக் கல்லும் இல்லை, தேவாலயமும் இல்லை. சரி, அது வேறு மடல்.

அந்தப் பூஞ்சணம் இன்னும் போகவில்லை. உங்கள் லயத்துச் செடியின் இலையைத் திருப்பிப் பாருங்கள், ஆரஞ்சுத் தூள் விரலில் ஒட்டலாம். ஆனால் வேலியோரத்தில், வாழை நிழலில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கிற நாலு செடியை அது அடியோடு அழிப்பதில்லை. இலை சின்னதாகப் பளபளவென்று இருந்தால் அரபிக்கா, பெரிதாகச் சுருக்கம் விழுந்து கிடந்தால் ரொபஸ்டா. ரொபஸ்டாவில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் அதிகம், நுரையும் அதிகம். பால் சேர்த்துக் குடிக்கிற நமக்கு அரபிக்காவோடு ஐந்தில் ஒரு பங்கு ரொபஸ்டா கலந்தால் நன்றாகவே இருக்கும். சுத்த அரபிக்காதான் உயர்ந்தது என்று கொழும்பில் உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். இத்தாலியின் தெற்கில் போய் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பாட்டியின் முறையில் நாம் மாற்ற வேண்டியது மூன்று இடம். பறிக்கும்போது நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்து உருவினால் கோப்பி வைக்கோல் ருசி அடிக்கும். இரண்டு இலை ஒரு மொட்டு பார்த்துக் கிள்ளிய விரல்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்தது காயவைப்பது. பழத்தைத் தண்ணியில் போட்டு மிதப்பதை வீசிவிட்டு, தோலை நசுக்கி எடுத்து, வழுவழுப்புப் போகும்வரை ஒரு நாள்போல ஊறவைத்துக் கழுவி, தரையில் படாமல் வலைத்தட்டில் காயவையுங்கள். ஈரம் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டுக்கு இறங்க வேண்டும். நம் மழையிலும் பனிமூட்டத்திலும் இதுதான் கஷ்டமான கட்டம், சில நாள் அடுப்படிப் பரணில்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்படி வைத்தால் விறகுப் புகை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலை ஸ்டோரில் புகை வாசனை ஏறிய தூளுக்கு என்ன விலை விழும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது, வறுப்பு. கனமான இரும்புச் சட்டியில் விடாமல் கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கொட்டை சோளப்பொரிபோல் வெடிக்கும். அந்த வெடிப்புச் சத்தம் அடங்கி ஒன்றிரண்டு நிமிஷத்தில் இறக்கி, சுளகில் கொட்டி உடனே ஆற்றிவிடுங்கள். பாட்டி இதற்குப் பிறகும் இன்னொரு மடங்கு நேரம் வறுப்பார், அதில்தான் எல்லாம் கரியாகிறது.

வறுத்த அன்றே போடாதீர்கள். கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும், நுரை பொங்கும், ருசி தெளியாது. ஒரு வாரம் மூடி வையுங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குடித்து முடியுங்கள். அரைத்த தூளை வைத்திருக்கவே வேண்டாம், அதன் வாசனைக்கு ஆயுள் நிமிஷக்கணக்கு. தேயிலைத் தூளை டின்னில் அடைத்து வருஷக்கணக்கில் வைக்கிற பழக்கத்தைக் கோப்பிக்குக் கொண்டுவராதீர்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும், வறுத்தால் அதில் 15 சதவீதம் குறையும். ஒரு வீட்டுக்குத் தினம் ஒரு தடவை, 18 கிராம் என்று வைத்தால் வருஷத்துக்கு ஆறரைக் கிலோ வறுத்த கொட்டை வேண்டும். செடிக்கு அரைக் கிலோ பச்சைக் கொட்டை கிடைத்தால் பதினைந்து செடி. புது வீட்டோடு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்கள் வேலிக்குப் பதிலாக நட்டாலே இடம் போதும். நல்ல கன்று வேண்டுமானால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தில் கேட்கலாம், மாத்தளையில் அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. லயத்தில் இருக்கிறவர்களுக்கு இரண்டு செடி நடக்கூடத் தோட்டத்து அனுமதி கேட்க வேண்டிய நிலைமை. அதைச் சங்கத்துக்காரர்கள் பேசட்டும்.

பாலைப்பற்றிச் சொல்கிறேன் என்றேன். டவுனில் எல்லாரும் பால்மாவுக்கு மாறிவிட்டார்கள். நம் லயங்களில் இன்னும் மாடு இருக்கிறது. காய்ச்சி ஆறவைத்து நன்றாகக் குளிரவைத்த பசும்பாலை, நீராவிக் குழாய் இல்லாவிட்டாலும், 60, 65 பாகைக்குச் சூடாக்கி — கோப்பையைக் கையால் பிடிக்க முடியாத சூடு வரும் இடம் அது — கண்ணாடி போத்தலில் பாதி ஊற்றித் துணியால் சுற்றிக் குலுக்கினாலே நுரை வரும். மூடியை இறுக்கிவிடாமல், ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுக்குங்கள். இலை, அன்னம் எல்லாம் வரைய வராது. வரைந்தால்தான் குடிப்பேன் என்று அப்பா அடம்பிடிக்கப்போவதில்லை.

ஒரு டீமேக்கருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் சல்லடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த ஒன்றினால்தான். நல்ல தேயிலை பெட்டியில் அடைத்துக் கொழும்பு ஏலத்துக்குப் போகும். 1883இல் தொடங்கிய ஏலம் அது. பறித்த வீட்டில் கொதிப்பது டஸ்ட். ஒன்றரை நூற்றாண்டாக இதில் யாருக்கும் வெட்கம் இல்லை. கோப்பியிலும் இப்போது அதே வழி போடப்படுகிறது. இலங்கைக் கோப்பி என்று பெயர் போட்ட பைகள் கொழும்புக் கடைகளில் அலங்காரமாக நிற்கின்றன, நல்லது, நம் மலைக்கு மறுபடி ஒரு பயிர் வருகிறது என்று சந்தோஷப்படுகிறேன். ஆனால் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் இருந்த தோட்டத்து நாட்சம்பளத்தில், நீங்கள் ஊற்றிக் கொடுக்கிற ஒரு கப்புச்சினோ பாதியைத் தொட்டுவிட்டது. உங்கள் அம்மா அந்தக் கடையில் உட்கார்ந்து அதைக் குடிக்க மாட்டார், காசு கொடுத்துக் கூட்டிப்போனாலும் அரை நாள் சம்பளம் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே குடிப்பார். நல்ல கோப்பி அவருக்குக் கிடைப்பதானால் அவருடைய சொந்த அடுப்படியில், சொந்தச் செடியிலிருந்துதான் கிடைக்கும். போடத் தெரிந்த கை உங்களிடம் இருக்கிறது. உங்கள் மனேஜருக்கு அந்தக் கையை நாளுக்குப் பத்து மணி நேரம் கொடுக்கிறீர்கள்.

'அங்கிள், விடுமுறைக்கு வந்தாலும் கோப்பி போடச் சொல்கிறீர்களா' என்று ஒரு தம்பி ஏற்கெனவே கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான், கால் கடுக்க நிற்கிற வேலை. அதனால் உங்களைப் போடச் சொல்லவில்லை. உட்கார்ந்திருங்கள். தங்கச்சியோ அம்மாவோ போடட்டும். பக்கத்தில் இருந்து குடித்துப் பார்த்து, 'புளிக்குது, ஒரு சுற்றுப் பொடியாக்குங்க' என்று சொன்னால் போதும். ஒரு விடுமுறைக்குள் பழகிவிடுவார்கள்.

இந்தத் தீபாவளிக்கு யாரும் மெஷின் வாங்கி வராதீர்கள். இருக்கிறதே துவாய்க்கு அடியில் கிடக்கிறது. ஒரு லயத்துக்கு ஒரு கைக்கிரைண்டர் என்று நாலைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். விலையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், பற்கள் உருக்கா பீங்கானா என்று மட்டும் பார்த்து உருக்கை எடுங்கள். ஒற்றைச் சுவர் கூடை உங்கள் மெஷினுக்குப் பொருந்தும் அளவில், 51 மில்லிமீட்டரா 54ஆ 58ஆ என்று வீட்டுக்கு ஃபோன் போட்டு அளந்து கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு கிலோ வறுத்த கொட்டை, பையில் வறுத்த தேதி போட்டதாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். பழைய மெஷினின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், அதிலும் ஒன்றிரண்டு. தராசு என்னிடம் ஒன்று இருக்கிறது. ஸ்டோர் வேலையிலிருந்து வந்த பழக்கம், அதை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. இங்கே வந்து நிறுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர்
டிக்கோயா